முற்றுகைக்குள் ஒரு காணி உறுதி

2025ஆம் ஆண்டை எதிர்நோக்கின் யூபிலி ஆண்டாகத் திருச்சபை அறிவித்தது. அதையொட்டிப் பங்குகள்தோறும் கருத்தரங்குகளும் திருயாத்திரைகளும் ஒழுங்கு செய்யப்பட்டன. 'எதிர்நோக்கு' என்ற சொல் எமது மறையுரைகளில் இந்த அளவுக்கு முன்னர் ஒலித்ததில்லை எனலாம். இது நல்லதே. ஆனால் வடக்கு, கிழக்குக் கிராமங்களில் இச்சொல்லை எடுத்துப் பேசும் எவரும் ஒரு கேள்வியைத் தவிர்த்துச் செல்ல முடியாது.

போர்க்காலம் முழுவதும் சமாதானத்துக்காகச் செபித்த ஒரு தலைமுறை எம்மிடையே வாழ்கிறது. பதுங்கு குழிக்குள் இருந்து செபமாலை சொன்னவர்கள் அவர்கள். மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் போத்தல் விளக்கின் திரியைக் குறைத்து வைத்துக்கொண்டு மன்றாட்டுமாலை படித்தவர்கள். மடு அன்னைக்கு நேர்த்தி வைத்தவர்கள். பேச்சுவார்த்தை மூலம் வரும் ஒரு சமாதானத்தையே அவர்கள் கேட்டார்கள்; பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும் என்றே கேட்டார்கள். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அவர்கள் கேட்ட விதமாக அது முடியவில்லை. பிள்ளைகள் பலர் திரும்பவுமில்லை. 'நாங்கள் இவ்வளவு காலமும் செபித்தது இதற்குத்தானா, சுவாமி?' என்று ஒரு தாய் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?

'எல்லாம் கடவுளின் சித்தம்' என்பது பதிலாகாது. மனிதர் திட்டமிட்டுச் செய்த ஒன்றைக் கடவுளின் தலையில் சுமத்துவது விசுவாசம் அன்று. 'நடந்தது நடந்துவிட்டது, இனி அபிவிருத்தியைப் பார்ப்போம்' என்பதும் பதிலாகாது. வீதியும் மின்சாரமும் வந்துவிட்டால் கேள்வி மறைந்துவிடும் என்று எண்ணுவது அந்தத் தாயை அவமதிப்பதாகும். வன்முறையின் நடுவே சமாதானத்தை எதிர்நோக்குவது என்றால் உண்மையில் என்ன என்பதையே நாம் மறுபடியும் சிந்திக்க வேண்டியிருக்கிறது. அதற்கு விவிலியத்தில் எமக்கு மிகவும் நெருக்கமான ஒருவர் இருக்கிறார். கமக்காரரும் காணி இழந்தோரும் உடனே விளங்கிக்கொள்ளக்கூடிய மனிதர் அவர்.

எதிர்வுகூறல் வேறு, எதிர்நோக்கு வேறு

இறைவாக்கினர் எரேமியாவின் காலத்தில் எருசலேம் பாபிலோனியப் படைகளால் முற்றுகையிடப்பட்டது. கி.மு. 587இல் நகரம் வீழ்ந்தது. வீழ்வதற்கு முன்னிருந்த ஆண்டுகளில் சமாதானத்தைப் பற்றிப் பேசியவர்களுக்குக் குறைவில்லை. அரண்மனையிலும் ஆலயத்திலும் இருந்தவர்கள் எல்லாம் நன்றாகவே இருக்கிறது, சமாதானம் நெருங்கிவிட்டது என்று மக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் அனனியா என்பவர் காலக்கெடுவே விதித்தார்: இரண்டே ஆண்டுகளில் பகைவனின் நுகம் முறியும் என்றார். அந்த வார்த்தை மக்களுக்கு இனித்தது. எரேமியாவின் வார்த்தை கசந்தது. ஆழமான புண்ணின் மேற்பரப்பை மட்டும் துடைத்துவிட்டுச் சுகம் என்று சொல்லும் வைத்தியரைப் போன்றவர்கள் இவர்கள் என்று எரேமியா கண்டித்தார்.

இதைப் படிக்கும்போது எமது காலம் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. இன்னும் ஆறு மாதத்தில் முடிந்துவிடும், இந்த ஒரு சமரோடு முடிந்துவிடும் என்ற வாக்குறுதிகளை எல்லாத் தரப்பிலிருந்தும் எமது மக்கள் கேட்டார்கள். 1995இல் அரசாங்கம் தனது படை நடவடிக்கைக்குச் 'சமாதானத்துக்கான யுத்தம்' என்றே பெயர் வைத்தது. அதே ஆண்டு யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்தன; நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுபுறத்தில், சொந்த மக்களின் விடுதலைக்காக எனச் சொல்லி ஏந்தப்பட்ட ஆயுதங்கள் 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் தொழுகையில் இருந்தவர்கள்மீது திருப்பப்பட்டன. அங்கும் உயிரிழந்தோர் நூற்றுக்கு மேல்.

சமாதானம் எப்போது வரும், யாரால் வரும் என்று சொல்வது எதிர்வுகூறல். அது பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். எதிர்நோக்கு அப்படிப்பட்டதல்ல. சமாதானம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று அறிந்து, அது வருவதற்கு முன்னரே அதற்கேற்ப நடப்பதுதான் எதிர்நோக்கு. எரேமியா நகரம் வீழும் என்று சொன்னார். அதனால் அவரைத் துரோகி என்றார்கள். காவல் முற்றத்தில் அடைத்தார்கள். அந்தச் சிறையில் இருந்தபோதுதான் அவர் யாரும் எதிர்பாராத ஒரு காரியத்தைச் செய்தார். அவர் ஒரு வயல் வாங்கினார்.

பதினேழு செக்கேல் வெள்ளி

அந்த நிகழ்ச்சி எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவரது உறவினரான அனமேல் என்பவர் சிறைக்கு வந்து, அனத்தோத்து ஊரிலுள்ள தனது வயலை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறார். குடும்பக் காணி பிறர் கைக்குப் போகாமல் மீட்கும் உரிமை உறவினருக்கு இருந்தது. ஆனால் அனத்தோத்து எருசலேமுக்கு வெளியே உள்ள ஊர். முற்றுகையிட்ட படை நிற்கும் பக்கத்து நிலம் அது. இன்றைய எமது மொழியில் சொன்னால், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட காணி. எந்தத் தரகரும் அதற்கு விலை பேசமாட்டார். எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து அதை வாங்கினார். சாட்சிகள் முன்னிலையில் உறுதி எழுதப்பட்டது. எழுத்தாளர் பாரூக்கு அந்த உறுதியின் முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் நீண்ட காலம் பழுதாகாதிருக்க ஒரு மண் பானையில் இட்டு வைத்தார். இந்நாட்டில் மறுபடியும் வீடுகளும் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் வாங்கப்படும் என்பதே அதன் பொருள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய முதலாவது விடயம் விலை. எரேமியா மறையுரை ஆற்றுவதோடு நின்றுவிடவில்லை. எதிர்காலத்தைப் பற்றிய தமது நம்பிக்கைக்குத் தமது மடியிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தார். எதையும் செலவிடாத எதிர்நோக்கு வெறும் விருப்பம் மட்டுமே.

எமது நாட்டுத் திருச்சபையில் இந்த விலையைச் செலுத்தியவர்கள் இருக்கிறார்கள். வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகள் 1985 சனவரி 6ஆம் திகதி விடிவதற்கு முன் தமது பங்கு இல்லத்தில் சுடப்பட்டார் என்று சாட்சிகள் சொன்னார்கள், அரசு மறுத்தது, உடல்கூட மக்களிடம் கிடைக்கவில்லை. மட்டக்களப்புப் பிரசைகள் குழுவின் தலைவராக இருந்து எல்லா ஆயுதத்தாரரிடமும் மக்களுக்காக வாதாடிய சந்திரா பெர்னாண்டோ அடிகள் 1988 யூன் 6ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். இயேசு சபையைச் சேர்ந்த யூஜின் ஹேபேர்ட் அடிகள் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் தம்முடன் வந்த இளைஞரோடு காணாமற் போனார். அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகள் 2006 ஆகஸ்ட் 20ஆம் திகதி தமது உதவியாளரோடு காணாமற் போனார்.

இவர்களோடு சேர்த்து, எமது தமிழ்ப் பங்குகளில் அதிகம் பேசப்படாத ஒருவரையும் நினைவுகூர விரும்புகிறேன். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த மைக்கல் றொட்றிகோ அடிகள் 1927இல் பிறந்தவர். பெரும் கல்விமான், குருமடத்தில் கற்பித்தவர். அவர் 1980இல் மொனறாகலை மாவட்டத்தில் புத்தலவுக்கு அருகிலுள்ள அலுக்கலாவிட்ட என்ற கிராமத்துக்குச் சென்று எளிமையான வீடொன்றில் குடியிருந்தார். சுற்றிலும் இருந்தவர்கள் சிங்கள பௌத்தக் கமக்காரர். அப்பகுதியின் பழைய பெயர் வெல்லஸ்ஸ. இலட்சம் வயல்கள் என்பது அதன் பொருள். 1817-1818 கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அந்த வயல்களும் குளங்களும் பாழாக்கப்பட்டன. கிறிஸ்தவம் என்றால் வந்தேறிய ஆட்சியாளரின் மதம் என்று எண்ணுவதற்கு அம்மக்களுக்குக் காரணம் இருந்தது. றொட்றிகோ அடிகள் அங்கு யாரையும் மதம் மாற்றப் போகவில்லை. பௌத்த மக்களோடு அயலவராக வாழ்ந்து, அவர்களின் கல்வி, சுகாதாரம், விவசாயம், காணி ஆகியவற்றில் உழைத்தார்.

தெற்கில் அரச படைக்கும் ஆயுதக் கிளர்ச்சியாளருக்கும் இடையில் இளைஞர்கள் மாய்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அங்கிருந்து விலகிச் செல்வதா, தங்குவதா என்ற கேள்வி அவரது சிறு குழுவின் முன் இருந்தது. மக்களை விட்டுப் போவதில்லை என்றே தீர்மானித்தார்கள். 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை திருப்பலி நிறைவேற்றும் வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் யார் என்பது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை.

மேரி பஸ்ரியன் அடிகளைத் தமிழர்களும் றொட்றிகோ அடிகளைச் சிங்களவர்களும் தனித்தனியே நினைவுகூருவது போதாது. இருவரும் ஒரே வயலுக்கே விலை கொடுத்தார்கள். இதை மன்னாரிலும் புத்தலவிலும் ஒரே வாயால் சொல்ல நாம் கற்றுக்கொள்ளும்வரை எமது சமாதானச் செபங்கள் அரைகுறையானவையே.

மண் பானைக்குள் வைத்த உறுதி

இரண்டாவது விடயம் அந்த உறுதியும் பானையும். எரேமியா வயலை வாங்கியதும் அதை உழவில்லை; உழவும் முடியாது. ஆனால் எழுத்தைப் பத்திரப்படுத்தினார். உரிமை யாருடையது என்ற உண்மை முற்றுகையோடு அழிந்துவிடக்கூடாது என்பதே அவரது அக்கறை.

இடம்பெயர்ந்த எமது மக்களுக்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை. எறிகணைகள் விழும்போது அவர்கள் முதலில் எடுத்தது பிள்ளையை. அடுத்து எடுத்தது பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதி, பிறப்பத்திரம், அடையாள அட்டை. 1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள் அந்தப் பையை முகாமுக்கு முகாம் காவிச் சென்றார்கள். மயிலிட்டித் துறைமுகத்துக்குள் அவர்கள் மறுபடி கால் வைத்தது 2017 யூலையில், அதாவது 27 ஆண்டுகளுக்குப் பின்னர். அதற்கிடையில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, மணம் முடித்துவிட்டார்கள். முசலிப் பிரதேசத்தின் முள்ளிக்குளம் மக்கள் 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்டு, தங்கள் ஊர் கடற்படை முகாமாகியதைக் கண்டார்கள். ஊரின் ஒரு பகுதியை விடுவிப்பதற்கான அறிவிப்பு 2017 ஏப்ரலிலேயே வந்தது. இவ்வளவு காலமும் அந்த உறுதிகளை எறிந்துவிடாமல் வைத்திருந்தார்களே, அதற்கு எதிர்நோக்கு என்பதைவிட வேறு என்ன பெயர்?

காணிக்கு உறுதி உண்டு. மனிதருக்கு? இதைத்தான் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 சனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கேட்டார். அவர் புதிதாக ஒரு கணக்கு எடுக்கவில்லை. அரச செயலகங்களின் புள்ளிவிபரப்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 யூலை 10ஆம் திகதிவரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்றார். இவர்கள் அனைவரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. அரசின் எழுத்தையே அரசின் முன் வைத்து விளக்கம் கேட்டார். ஓர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கழித்தல் அது. ஆனால் அதைச் சத்தமாகச் சொல்வதற்கு ஓர் ஆயரின் துணிவு தேவைப்பட்டது. அதற்காக அவர் பட்ட அவதூறுகளும் விசாரணைகளும் கொஞ்சமல்ல. 2021 ஏப்ரல் 1ஆம் திகதி, பெரிய வியாழனன்று அவர் இறைவனடி சேர்ந்தார். கேள்விக்கு முழுமையான விடை வராமலே போய்ச் சேர்ந்தார்.

பழைய புண்ணைக் கிளறுவதால் சமாதானம் வராது என்று சிலர், எம் குருக்களிலும் சிலர், நல்ல மனதோடு சொல்கிறார்கள். அவர்களிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார், பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு கேட்டது பழிவாங்கலையா? 'என் பிள்ளை எங்கே' என்பதையே கேட்டார்கள். அவர்களுள் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோயினர். காணாமற் போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேற்றப்பட்டு, 2018இல் அலுவலகம் இயங்கத் தொடங்கியது. ஆனால் அந்தத் தாய்மாருள் பெரும்பாலானோர் அதை நம்பவில்லை. புண்ணைக் கிளறுவது அவர்களா, அல்லது மேலோட்டமாகத் துடைத்துவிட்டுச் சுகமாகிவிட்டது என்று சொல்பவர்களா? எரேமியாவின் பதில் எமக்குத் தெரியும்.

அயலவனின் வயல்

மூன்றாவது விடயம் சற்றுக் கசப்பானது. எரேமியா பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டிருந்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்பவர்களை நம்பி மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். வீடு கட்டுங்கள், தோட்டம் செய்யுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடித்து வையுங்கள், நீங்கள் இருக்கும் நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்று அறிவுறுத்தினார். அந்த நகரம் பகைவனின் நகரம். அதன் நலனில்தான் உங்கள் நலனும் அடங்கியிருக்கிறது என்றார். அயலவன் நலமாக இல்லாத இடத்தில் எனக்கு மட்டும் தனியாகச் சமாதானம் கிடையாது என்பதே இதன் சாரம்.

இதை நாம் முதலில் எமது சொந்த மண்ணிலே உரசிப் பார்க்க வேண்டும். 1990 ஒக்டோபர் மாத இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம் மட்டுமே. ஏறத்தாழ 70,000க்கும் 75,000க்கும் இடைப்பட்டோர் வெளியேறினர். பெரும்பாலானோர் புத்தளத்துக்குச் சென்றனர். வலிகாமம் வடக்கு மக்களிடம் இருந்த அதே பொலித்தீன் பை அவர்களிடம் இருக்கவில்லை. உறுதிகளையும் நகைகளையும்கூட விட்டுவிட்டே பலர் போனார்கள். 2009க்குப் பின் அவர்கள் மீளத் திரும்பியபோது, சில இடங்களில் அவர்களின் காணிகள் காடு பற்றிக் கிடந்தன. சில இடங்களில் வேறு குடும்பங்கள் குடியிருந்தன. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இதனால் எழுந்த முரண்பாடுகளைக் கிராம மட்டத்தில் வேலை செய்யும் எவரும் அறிவர்.

படையினர் பிடித்த எமது காணியைத் திருப்பிக் கேட்கும்போது நாம் எரேமியாவின் பக்கம் நிற்கிறோம். திரும்பி வந்த முஸ்லிம் குடும்பத்தின் காணி என்று வரும்போது வாய் மூடினால் நாம் அனனியாவின் பக்கம் போய்விடுகிறோம். நாம் இழந்ததற்காக மட்டும் எதிர்நோக்குவது தன்னலத்தின் ஒரு வகையே.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு மொசாம்பிக் நாட்டின் அனுபவம் உதவும். 1977இலிருந்து 1992வரை அங்கு நடந்த உள்நாட்டுப் போரிலும் அதனோடு வந்த பஞ்சத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் பேச்சுவார்த்தையை வலியுறுத்தி மேய்ப்புப்பணிச் சுற்றுமடல்களை வெளியிட்டார்கள். கொலைகாரரோடு பேசச் சொல்கிறார்கள் என்று அரசு சினந்தது. ஆயினும் பெய்ரா பேராயர் ஜெய்மே கொன்சால்வ்ஸ் 1988இல் காட்டுக்குள் சென்று கிளர்ச்சியாளரின் தலைவரைச் சந்தித்தார். சந்த் எஜீடியோ என்ற பொதுநிலையினர் சமூகத்தின் இல்லத்தில், றோமாபுரியில், 1990 யூலையில் தொடங்கிய பேச்சுக்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டு, 1992 ஒக்டோபர் 4ஆம் திகதி உடன்படிக்கையில் முடிந்தன.

கிராம அபிவிருத்தியில் ஈடுபடும் எமக்கு அதன் பின் நடந்தது இன்னும் முக்கியமானது. 1995இல் அங்குள்ள கிறிஸ்தவ மன்றம், அங்கிலிக்கன் ஆயர் டினிஸ் செங்குலானேயின் முன்முயற்சியோடு, ஆயுதங்களை மண்வெட்டிகளாக மாற்றும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஒளித்து வைத்திருந்த துவக்கைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு மண்வெட்டி, தையல் இயந்திரம், சைக்கிள் போன்ற தொழிற்கருவிகள் கொடுக்கப்பட்டன. வெட்டித் துண்டாக்கிய ஆயுதங்களைக் கொண்டு கலைஞர்கள் சிற்பங்கள் செய்தார்கள். அங்கு எல்லாம் சுகமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2017இலிருந்து அந்நாட்டின் வடமுனையில் வேறொரு வன்முறை வெடித்து மக்களை இடம்பெயர்த்திருக்கிறது. சமாதானம் வருடாவருடம் உழுது விதைக்க வேண்டிய நிலம். ஒரு போகத்தைக் கைவிட்டால் அதில் பற்றை வளரும்.

இலங்கையில் சிங்களவரும் தமிழரும் ஒரே பீடத்தைச் சுற்றி நிற்கும் அமைப்புக்கள் மிகச் சில. கத்தோலிக்கத் திருச்சபை அவற்றுள் ஒன்று. மடுப் பதியின் ஆவணித் திருவிழாவுக்குத் தென்பகுதியிலிருந்து பல்லாயிரம் பேர் வருகிறார்கள். 1999 நவம்பர் 20ஆம் திகதி அதே வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள் என்பதும், 2008 ஏப்ரலில் போரின் நெருக்கடியால் அன்னையின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்தது என்பதும் அந்த யாத்திரிகருள் எத்தனை பேருக்குத் தெரியும்? சொல்லிக் கொடுப்பது யாருடைய கடமை?

ஒரே அளவுகோல்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் நடந்த குண்டுத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அன்று கொழும்புப் பேராயர் பழிவாங்க வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது எமது திருச்சபையின் வரலாற்றில் பெருமையோடு நினைக்க வேண்டிய ஒன்று. அதோடு அவர் நிற்கவில்லை. உண்மை வெளிவர வேண்டும், பின்னால் நின்றவர்கள் யார் என்று தெரிய வேண்டும் என்று விடாது கேட்டார். சர்வதேச அரங்குவரை கொண்டு சென்றார். 2023 சனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பழைய புண்ணைக் கிளறுகிறார்கள் என்று இதைப் பற்றி எந்தக் கத்தோலிக்கரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

அப்படியானால் நவாலிக்கும் மடுவுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் வேறு அளவுகோல் எதற்கு? கட்டுவப்பிட்டியில் பிள்ளையை இழந்த தாய்க்கு உண்மையை அறியும் உரிமை உண்டென்றால், வட்டுவாகலில் பிள்ளையைக் கையளித்த தாய்க்கும் அது உண்டு. இந்த இரண்டு தாய்மாரையும் ஒரே மேசையில் அமர்த்தக்கூடிய இடம் இந்நாட்டில் எமது திருச்சபையைத் தவிர வேறில்லை என்றே நினைக்கிறேன். ஆயர் பேரவை முழுவதும் ஒரே குரலில் இரண்டையும் கேட்கும் நாள் வருமானால், அது ஓர் உடன்படிக்கைக்குச் சமனான பணியாக இருக்கும்.

பங்குகளில் செய்யக்கூடியவை

மேலிடத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டியதில்லை. இச்சஞ்சிகையின் வாசகர்கள் பலர் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் மாதர் சங்கங்களிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் உழைப்பவர்கள். அவர்களால் இயலக்கூடிய சிலவற்றைக் குறிப்பிடுகிறேன்.

முதலாவதாக, ஒவ்வொரு பங்கும் போரில் இறந்தவர்கள், காணாமற் போனவர்கள் ஆகியோரின் பெயர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டை நூறு ஆண்டு காக்கும் எமக்கு இது கடினமல்ல. வயதான தாய்மார் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களோடு தகவலும் மறைந்துவிடும். எந்தச் சமயத்தவர் என்று பாராமல் ஊரார் எல்லோரது பெயரும் அதில் இருக்கட்டும்.

இரண்டாவதாக, காணிப் பத்திரங்கள். உறுதி தொலைந்தவர்கள், அனுமதிப்பத்திரம் தந்தையின் பெயரிலேயே இருப்பவர்கள், கணவன் காணாமற் போனதால் பெயர் மாற்ற முடியாத பெண்கள் என்று ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் ஒரு சட்டத்தரணியையும் காணி அலுவலர் ஒருவரையும் பங்கு மண்டபத்துக்கு அழைத்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத பெண்ணை வற்புறுத்த வேண்டாம். 'காணக்கிடைக்காமைச் சான்றிதழ்' என்ற வழியும் 2016இலிருந்து சட்டத்தில் உண்டு என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.

மூன்றாவதாக, முஸ்லிம், இந்து அயலவரோடு சேர்ந்த ஒரு வேலை. கூட்டம் அல்ல, வேலை. ஒரு வாய்க்கால் துப்புரவாக்குவதாக இருக்கலாம். குளத்தின் அலைகரையைத் திருத்துவதாக இருக்கலாம். காலபோகத்துக்குத் தண்ணீர் திறக்கும்போது அது யார் வயலுக்கு எந்தச் சமயம் என்று கேட்டுப் பாய்வதில்லை. ஒன்றாய் மண் வெட்டியவர்கள் காணிப் பிணக்கு வரும்போது ஒருவரோடு ஒருவர் பேசக்கூடியவர்களாக இருப்பார்கள்.

நான்காவதாக, தெற்கிலுள்ள ஒரு பங்கோடு உறவு. ஒருமுறை வந்து சாப்பிட்டுப் படம் எடுத்துப் போவதல்ல. ஒரே பங்கோடு ஐந்து ஆண்டு. இரண்டு பக்கத்துத் தாய்மாரும் தங்கள் கதையைச் சொல்லி, மற்றவரின் கதையை மொழிபெயர்ப்போடு கேட்பதற்கு ஒரு முழு நாள்.

இவை சிறியவை என்று தோன்றலாம். முற்றுகைக்குள் இருந்து வாங்கிய ஒரு வயலும் சிறியதுதான். எரேமியா அதில் ஒரு மரைக்கால்கூட விதைக்கவில்லை. நகரம் வீழ்ந்தபின் அவரை அவரது விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்குக் கொண்டு போனார்கள். அவர் ஊர் திரும்பியதாக விவிலியத்தில் இல்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின் நாடுகடத்தப்பட்டோர் திரும்பியபோது, அனத்தோத்து ஊரவர்களும் அவர்களோடு திரும்பினார்கள் என்று எஸ்ரா நூலின் பட்டியல் சொல்கிறது, 128 பேர்.

ஆகவே 'நாங்கள் செபித்தது இதற்குத்தானா' என்று கேட்கும் தாய்க்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். இல்லை அம்மா, நீங்கள் கேட்டது இதையல்ல. நீங்கள் கேட்டது இன்னும் வரவில்லை. நீங்கள் கேட்டது சரியானதே. அதைக் குறைத்துக் கேட்கும்படி உங்களுக்குச் சொல்ல எனக்கோ வேறு எவருக்கோ உரிமையில்லை. உங்கள் பிள்ளையின் பெயரை எழுதி வைப்போம். உங்கள் காணிப் பத்திரத்தைத் தேடி எடுப்போம். பக்கத்துக் காணிக்காரர் வந்தால் அவருக்கும் இடம் விடுவோம். காலபோகம் தொடங்குமுன் வாய்க்காலைத் துப்புரவாக்கி வைப்போம்.